மனை விற்பனையும் ஆவணமில்லா மாற்றங்களும்

ஒரு மனை இருவகையாக நிலைபெறுகின்றது. கல்லும் மரமும் ஓடுமாகக் கண்ணுக்குத் தோன்றுவது ஒன்று. உறுதியிலும் வரைபடத்திலும் எழுத்தாக நிற்பது மற்றொன்று. அதில் குடியிருப்போர் முன்னதையே அறிவர். சட்டமோ பின்னதையே முதற்கண் நோக்கும். இவ்விரண்டும் ஒத்திருக்குமளவும் யாதொரு சிக்கலும் எழுவதில்லை. ஆயின், குடும்பம் வளர மனையும் வளர்கின்றது. மகனுக்கு மணம் நிகழ்ந்தபொழுது ஓர் அறை கூட்டப்படுகின்றது; மழைச்சாரலுக்கு அஞ்சி முன்விறாந்தை மூடப்படுகின்றது; கூடம் சிறிதெனக் கருதி நடுச்சுவர் அகற்றப்படுகின்றது. எழுத்திலுள்ள மனையோ முன்னிருந்தவாறே இருக்கின்றது. இவ்வேறுபாடு வாழுங் காலத்தில் தலைகாட்டாது. விற்கும் நாளிலேயே வெளிப்படும்.

சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் இப்பொருள் இருமுகம் உடையது. பலாங்கொடை, காவத்தை, எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட முதலிய ஊர்களில் தோட்டத்துக் குடும்பங்களின் வழிவந்தோர் பலர் சிறுகச் சிறுகப் பொருளீட்டி உறுதியுடன் கூடிய மனைகளை வாங்கியுள்ளனர். அவர்தம் உறவினருள் பெருந்தொகையினர் இன்றும் தோட்ட லயங்களில் உறுதியெதுவுமின்றி வாழ்கின்றனர். இரு சாராரும் தத்தம் இருப்பிடத்தை மாற்றியமைக்கின்றனர். இரு சாராரும் ஒருநாள் அதனைப் பிறரிடம் கையளிக்க நேர்கின்றது. அக்கையளிப்பில் யாது மாறுகின்றது, யாது மாறுவதில்லை என்பதனை ஆராய்வது பயனுடைத்து.

முதற்கண், இலங்கையில் மனை விற்பனை எவ்வாறு நிகழ்கின்றது என்பதனை நோக்குவோமாயின், அதன் அடிப்படை 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தில் அமைந்துள்ளமை புலனாகும். நிலத்தின் விற்பனையும் நிலத்தோடு இணைந்த உரிமைகளின் விற்பனையும் எழுத்தில் அமைதல் வேண்டும். நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும், இருவர்க்குக் குறையாத சான்றினர் முன்னிலையிலும் ஒப்பமிடப்படுதல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் அவ்வெழுத்துச் சட்டத்தின் முன் வலுவற்றதாகும். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி அவ்வுறுதி காணிப் பதிவகத்தில் பதியப்படுகின்றது. ஒரே நிலத்தை ஒருவன் இருவர்க்கு விற்றபொழுது யாருக்கு முதன்மை என்பதனைப் பெரும்பாலும் இப்பதிவே தீர்மானிக்கும்.

ஈண்டு ஒரு நுட்பம் கருதற்பாலது. உறுதியின் அட்டவணையில் எழுதப்பெறுவது நிலமே: நான்கு எல்லைகள், ஏக்கர் றூட் பேர்ச் என்னும் அளவு, நில அளவையாளர் வரைந்த படத்தின் இலக்கம் ஆகியனவே அங்கு உள. அந்நிலத்தின்மேல் நிற்கும் கட்டடத்தைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு தொடரே காணப்படும். எத்தனை அறை, எச்சுவர் எங்குள்ளது என்பனவற்றை உறுதி உரைப்பதில்லை. உரோம-டச்சுச் சட்டத்தின்படி நிலத்தோடு பிணைந்து நிற்பது நிலத்தைச் சார்ந்ததாகலின், நிலம் மாறக் கட்டடமும் உடன் மாறும். ஆகவே, ‘உறுதி தூயது’ என்னும் கூற்று நிலத்தைப் பற்றிய கூற்றேயன்றிச் சுவரைப் பற்றிய கூற்றன்று. சுவருக்குச் சான்று வேறோர் ஏட்டில் உள்ளது.

அவ்வேடு உள்ளூராட்சி மன்றத்தில் இருப்பது. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம், அது செல்லுபடியாகும் இடங்களில், வரைபடம் அங்கீகரிக்கப்படாது கட்டடம் எழுப்புதலைத் தடுத்தது. புதிதாய் எழுப்புவதற்கு மட்டுமன்றி, உள்ள கட்டடத்தை மாற்றுவதற்கும் அது அனுமதியை வேண்டிற்று. அறை கூட்டுதல், புறச்சுவரோ கூரையோ அமைத்தல் முதலியன அம்மாற்றங்களுள் அடங்கும். கட்டி முடித்தபின், அங்கீகரித்த வரைபடத்துக்கு ஒப்பவே அது கட்டப்பெற்றது எனக் காட்டும் இணக்கச் சான்றிதழ் பெறப்படுதல் வேண்டும். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகார சபை நிறுவப்பெற்றது. 1982ஆம் ஆண்டின் திருத்தத்தால், அச்சபைக்குட்பட்டதெனப் பிரகடனஞ் செய்யப்பெற்ற பகுதிகளில் அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் இன்றியமையாததாயிற்று. அனுமதியின்றி எழுந்த பகுதியை இடித்தகற்ற நீதவான் நீதிமன்றத்தின் கட்டளையைப் பெறவும் வழி வகுக்கப்பட்டது.

எல்லா மாற்றமும் ஒரு தன்மையன அல்ல. சுவருக்குச் சாயம் பூசுவதும் கதவுக்குப் புதுப் பலகை இடுவதும் பராமரிப்பேயாம். கட்டுமான மாற்றம் என்பது கட்டடத்தின் சுமை செல்லும் வழியை மாற்றுவது. கூரையின் பாரம் மரச்சட்டங்களின் வழியே சுவருக்கும், சுவரின் வழியே அத்திவாரத்துக்கும், அதன் வழியே நிலத்துக்கும் இறங்குகின்றது. இவ்வழியில் நிற்கும் சுவர் சுமைதாங்கும் சுவர்; வழியில் நில்லாது அறையைப் பிரிப்பதற்கே எழுப்பியது மறைப்புச் சுவர். மறைப்புச் சுவரை அகற்றினால் அறை பெரிதாகும். சுமைதாங்கும் சுவரை, தக்க விட்டம் இடாது அகற்றினால் அதன் பாரம் அண்டைச் சுவர்களின்மேல் ஏறும். உடனே யாதும் நேராது. பின்னொரு மழைக்காலத்தில் வாயிலின் மூலையிலிருந்து சாய்கோடாக ஒரு வெடிப்புத் தோன்றும். பூச்சுப் பூசி அதனை மறைப்பர், மறுபடியும் தோன்றும். ஒரு தட்டுக்கென இட்ட அத்திவாரத்தின்மேல் மேல்தட்டு எழுப்புதலும் இவ்வகையினதே. பார்வைக்கு இரு சுவரும் ஒன்றுபோல் தோன்றுதலின், வரைபடமின்றி இவற்றை வேறுபடுத்தி அறிதல் வாங்குவோனுக்கு எளிதன்று.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். பலாங்கொடை நகரில் ஒருவன் பத்துப் பேர்ச் நிலமும் வீடும் விற்கின்றான் எனக் கொள்க. அங்கீகாரம் பெற்ற வரைபடத்தில் இரண்டு அறைகள். நேரிற் காண்பன நான்கு. வாங்குவோன் நான்கு அறைக்கு விலை பேசி முற்பணமும் கொடுத்துவிடுகின்றான். எஞ்சிய தொகைக்கு வங்கிக் கடனை நாடுகின்றான். வங்கி உறுதியோடு அங்கீகரித்த வரைபடத்தையும் இணக்கச் சான்றிதழையும் வீதிக்கோட்டுச் சான்றிதழையும் கேட்கின்றது. மதிப்பீட்டாளர் வந்து அளக்க, பின்னிரு அறைகள் எவ்வேட்டிலும் இல்லாமை தெரிகின்றது. அவற்றுள் ஒன்று எல்லைக்கும் கட்டடத்துக்குமிடையே விடவேண்டிய வெளியை விழுங்கி நிற்பதும் தெரிகின்றது. கடன் குறைகின்றது, அல்லது மறுக்கப்படுகின்றது. முற்பணம் கொடுத்தோன் அதனைத் திருப்பிக் கேட்க, பெற்றோன் அதனை முன்னரே செலவிட்டிருக்க, நட்பு வழக்காக மாறுகின்றது. ஆண்டுதோறும் சோலைவரி செலுத்திய பற்றுச்சீட்டுகளை விற்போன் எடுத்துக் காட்டுவான். வரி பெற்றமை வேறு, கட்டுவதற்கு அனுமதி அளித்தமை வேறு என்பதனை அவன் அன்றே அறிகின்றான்.

வாங்கி முடித்தபின் குறை வெளிப்படின் நிலை யாது? இலங்கையில் அசையும் பொருள்களின் விற்பனைக்கு 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் உண்டு. நிலத்துக்கும் வீட்டுக்கும் அது பொருந்தாது. அவற்றுக்கு உரோம-டச்சுச் சட்டமே வழிகாட்டி. அச்சட்டம் குறைகளை இரண்டாகப் பகுக்கின்றது. கண்ணால் நோக்கின் புலப்படும் குறைக்கு வாங்குவோனே பொறுப்பாவான். சாதாரணமாக நோக்கிப் புலப்படாத மறைகுறைக்கு விற்போன் பொறுப்பாவான். அதன் கடுமைக்கேற்ப விலையைக் குறைக்கவோ விற்பனையை நீக்கவோ வாங்குவோன் வழக்கிடலாம். எனினும், ‘உள்ளது உள்ளவாறே விற்கப்படுகின்றது’ என்னும் வாசகத்தைப் பத்திரத்தில் சேர்த்து விற்போன் தன்னைக் காத்துக்கொள்ளுதலும் உண்டு.

அனுமதியின்மை என்பது கட்டடத்தின் குறையா, அன்றி வெறும் ஏட்டின் குறையா என்னும் வினா, இதே சட்ட மரபைப் பின்பற்றும் தென்னாப்பிரிக்காவில் எழுந்தது. 2008இல் அந்நாட்டின் மேன்முறையீட்டு உயர் நீதிமன்றம், சட்டப்படி பெறவேண்டிய கட்டட அனுமதி இல்லாமையும் மறைகுறையே எனத் தீர்த்தது. அதனோடு இருவேறு விளைவுகளையும் அது தெளிவாக்கிற்று. ‘உள்ளவாறே’ என்னும் வாசகம் அக்குறைக்கும் விற்போனைக் காக்கும். ஆயின், குறையை அறிந்து, வஞ்சிக்கும் நோக்கோடு அதனை மறைத்தவனை அவ்வாசகம் காவாது. பிறநாட்டுத் தீர்ப்பு இலங்கை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. எனினும், ஒரே மூலத்தினின்று பிறந்த சட்டமாதலின் அதன் தருக்கம் கவனிக்கத் தக்கது. விற்போனின் பொறுப்பு அவன் சுவரை எழுப்பிய நாளோடு முடிவதில்லை. அதனைச் சொல்லவேண்டிய நாளில் சொல்லாதொழிந்தமையையும் அது சாரும்.

அவ்வாறாயின் நேர்மையான விற்போனுக்கு மூன்று வழிகள் உள. முதலாவது, தகுதிபெற்ற ஒருவரைக்கொண்டு உள்ளவாறே வரைபடம் வரைவித்து, உள்ளூராட்சி மன்றத்திடம் கட்டணமும் தண்டமும் செலுத்திப் பிந்திய அங்கீகாரம் வேண்டுதல். விதிகளுக்கு அடங்கும் மாற்றம் இதனால் நேராகும். இரண்டாவது, எல்லையை மீறியோ உறுதிப்பாட்டைக் கெடுத்தோ நிற்கும் பகுதியை அகற்றி முன்னைய நிலைக்குக் கொணர்தல். மூன்றாவது, இரண்டும் இயலாதெனின், இன்ன பகுதி அனுமதியின்றிக் கட்டப்பெற்றது என எழுத்தில் உரைத்து, அதற்கேற்ப விலையைக் குறைத்து விற்றல். மூன்றாவது வழியில் விற்போனுக்குப் பணம் குறையும். ஆயின், வாங்குவோன் அறிந்தே ஏற்றுக்கொண்டமையால் பின்னர் வழக்கிற்கு இடம் குறையும்.

இதுகாறும் கூறியது உறுதியுள்ள மனையைப் பற்றியது. தோட்டத்து லயத்திற்கு வருங்கால் இவ்வொழுங்கு முழுவதும் தலைகீழாகின்றது. நகரத்து மனைக்கு நிலத்தின் ஏடு உண்டு, சுவரின் ஏடு குறைகின்றது. லயத்துக் குடும்பத்துக்கோ இரண்டுமே இல்லை.

இதன் காரணம் வரலாற்றில் உள்ளது. லயம் தொழிலாளி கட்டிய வீடன்று. தொழிலுக்காகத் தோட்டத்தார் கட்டியளித்த வரிசை அறை. ஏறத்தாழப் பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் கொண்ட ஒரு காம்பராவும் அதன்முன் ஓர் இஸ்தோப்புமே ஒரு குடும்பத்தின் பங்காயிருந்தன. வேலை உள்ளவரையிலேயே இருப்பிடம் என்பது அதன் விதி. கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டம், தமிழில் உருளவள்ளி என வழங்குவது, இதற்குச் சான்று. கிராம விரிவாக்கத்துக்காக அரசு அத்தோட்டத்தைச் சுவீகரித்தபொழுது ஆங்கு வாழ்ந்த தொழிலாளர் வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். அதனை எதிர்த்து 1946இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் நடத்திய வேலைநிறுத்தம் உருளவள்ளிப் போராட்டம் எனப் பெயர்பெற்றது. தலைமுறையாக வாழ்ந்த அறையேயாயினும், அதன் நிலம் பிறர்க்குரியதாயின் அவ்வாழ்வுக்கு உறுதிப்பாடில்லை என்பதனை அந்நிகழ்ச்சி மக்கள் உள்ளத்திற் பதித்தது.

பின்னர் நிலத்தின் உடைமை மாறிற்று. லயத்தின் நிலை மாறவில்லை. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் அதன் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசுக்குரியனவாக்கின. 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் நீண்டகாலக் குத்தகையில் அவற்றை நிருவகித்து வருகின்றன. நிலம் அரசின்பாற்பட்டது, நிருவாகம் கம்பனியின்பாற்பட்டது, குடியிருப்போரிடம் உள்ளது பயன்பாடு மட்டுமே. பத்தாண்டுகள் இடையூறின்றி ஆண்டால் நிலம் தமதாகும் எனச் சிலர் நம்புவர். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் அவ்வாறு உரைப்பது உண்மையே. ஆயின், அவ்வாட்சி உடையவனுக்கு எதிரான ஆட்சியாதல் வேண்டும். ஒருவன் இசைவினால் குடியிருப்பது அத்தகையதன்று; அரசின் நிலத்துக்கெதிராக அச்சட்டம் செல்லுவதுமன்று.

இத்தகைய அறைகளையே மக்கள் மூன்று, நான்கு தலைமுறையாக மாற்றியமைத்துள்ளனர். இஸ்தோப்பைப் பலகையாலோ கல்லாலோ அடைத்து மற்றோர் அறையாக்குவர். பின்புறத்தில் தகரம் இறக்கிக் குசினி கட்டுவர். அடுத்த காம்பராவும் தம் உறவினருக்குரியதாயின் இடைச்சுவரை உடைத்து வாயில் வைப்பர். இவற்றை மறைவுச் செயல் எனக் கூறுதல் நேர்மையன்று. ஒரு காம்பராவில் மூன்று குடும்பம் வாழ நேர்ந்தோர் வேறென் செய்வர்? அனுமதி கேட்பின் வாய்மொழியாகக் கிடைக்கும். எழுத்தாகக் கிடைப்பது அரிது. உள்ளூராட்சி மன்றமும் உதவும் நிலையில் இருக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும்வரை, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை தன் நிதியைச் செலவிடுவதற்கே சட்டத்தில் இடர்ப்பாடு இருந்தது. ஆவணமின்மை அம்மக்களின் கவனக்குறைவால் விளைந்ததன்று. ஆவணம் வழங்கும் வாயில் அவர்க்குத் திறக்கப்படாமையால் விளைந்தது.

ஒரு குடும்பம் நகருக்குப் பெயரும்பொழுது, தாம் செலவிட்ட கல்லுக்கும் தகரத்துக்கும் ஈடாக ஒரு தொகை பெற்றுக் காம்பராவை வேறொரு குடும்பத்திடம் விடுதல் உண்டு. வெள்ளைத்தாளில் ‘இன்ன காம்பராவை இன்னாருக்கு விற்றேன்’ என எழுதி, தலைவர் ஒருவர் சாட்சியாக ஒப்பமிடுவர். 1840ஆம் ஆண்டின் சட்டத்தின்முன் அத்தாள் நிலத்தையோ கட்டடத்தையோ மாற்ற வல்லதன்று. விற்றோனிடம் இல்லாத உரிமை வாங்கினோனுக்குச் செல்லாது. மேலும் ஓர் இழப்பு உண்டு. பிறர் நிலத்தில் நன்னம்பிக்கையோடு செய்த திருத்தங்களுக்கு ஈடு கேட்கும் உரிமையை உரோம-டச்சுச் சட்டம் முற்றும் மறுப்பதில்லை. உடையவனின் இசைவோடு செய்யப்பட்டதாயின் அக்கோரிக்கை வலுப்பெறும். அவ்விசைவும் செலவும் எழுத்தில் இல்லாமையால் அச்சிறு உரிமையும் கைநழுவுகின்றது. பல்லாண்டுச் சேமிப்பைக் கொடுத்து வாங்கிய குடும்பம், நிருவாகம் அக்காம்பராவை வேறொரு தொழிலாளிக்கு ஒதுக்குமாயின், அத்தாளைத் தவிர வேறொன்றும் காட்ட இயலாது நிற்கும்.

பணத்தினும் பெரிய இழப்பும் ஒன்றுண்டு. லயத்தின் கூரை ஒன்றே. அதனைத் தாங்கும் குறுக்குச் சுவர்கள் பல குடும்பத்துக்கும் பொதுவானவை. கருங்கல்லை மண்சாந்தால் பிணைத்த பழஞ்சுவரில் ஒருவர் வாயில் திறந்தால் அண்டைக் காம்பராவின் கூரையும் தளரும். குசினிக்கு இடம் வேண்டிப் பின்மேட்டை நேர்செங்குத்தாக வெட்டினால், அம்மேட்டின் அடித்தாங்கல் அகலும். மழைநீர் ஓடும் கானும் தூர்ந்துபோகும். 2016ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் பெருமழையில் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அன்றே புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயத்தையும் மண் மூடிப் பல உயிர்களைக் கொண்டது. அப்பேரிடர் மழையால் நேர்ந்தது. யாருடைய சுவராலும் நேர்ந்ததன்று. எனினும் இம்மாவட்டங்களின் சரிவுகள் எத்துணை நொய்யன என்பதனை அது காட்டிற்று. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டடம் எழுப்ப முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை வேண்டப்படுவது இதுபற்றியே. மேட்டை வெட்டிய செய்தி எவ்வேட்டிலும் இல்லையெனின், அடுத்து வந்து குடியேறும் குடும்பம் அவ்வபாயத்தை அறியாமலே அதன்கீழ் உறங்கும்.

ஆகவே, ஆவணம் என்பது அதிகாரிகளின் பொருட்டு மட்டும் எழுந்ததன்று. பின்வருவோரின் பாதுகாப்பின் பொருட்டும் எழுந்தது. 2015க்குப் பின்னர் ஏழு பேர்ச் நிலத்தில் தனிவீடு என்னும் கொள்கை தோட்டங்களில் நடைமுறைக்கு வந்துள்ளது. புதுவீடு பெற்றோர் முன்னைய லயத்தின் பழக்கத்தைப் புதுவீட்டுக்கும் கொண்டுசெல்லாது, அறை கூட்டுமுன்பே வரைபடமும் அனுமதியும் பெற்றுப் பேணுவாராயின், அவர்தம் மக்கள் விற்கும் நாளில் நகரத்தாருக்கு நேரும் இடர் நேராது. லயத்தில் வாழ்வோர் மாற்றம் செய்யுமுன் நிருவாகத்திடம் எழுத்தால் விண்ணப்பித்து, அதன் படியொன்றையும் மறுமொழியையும் செலவின் பற்றுச்சீட்டுகளையும் ஓர் உறையில் இட்டு வைத்தல் தகும். மறுமொழி வாராதொழியினும், கேட்டமைக்கு அவ்விண்ணப்பமே சான்றாகும்.

இறுதியாக, கல்லூரி மாணவர்க்குரிய கடன் ஒன்றும் இதிலுண்டு. லயத்தில் இத்தகைய தாள்களை எழுத வேண்டின், அங்கு மேல்வகுப்பில் கற்கும் பிள்ளையையே பெரியோர் அழைப்பர். பெரியோர் சொன்னவாறே ‘விற்றேன்’ என எழுதிக் கொடுத்தல் எளிது. அவ்வாறு எழுதாது, ‘தோட்டத்துக்குரிய இக்காம்பராவில் எனது செலவிற் செய்த திருத்தங்களுக்காக இத்தொகை பெற்றுக்கொண்டேன், நிலத்திலும் கட்டடத்திலும் எனக்கு விற்கும் உரிமை இல்லை’ என்று உள்ளதை எழுதுதல் வேண்டும். எச்சுவர் உடைக்கப்பட்டது, எக்குசினி கூட்டப்பட்டது, பின்மேடு எவ்வளவு வெட்டப்பட்டது என்பனவற்றையும் வரிசையாகக் குறித்தல் வேண்டும். நிருவாகத்துக்கு அறிவித்தபின்னரே பணம் கைமாறுதல் வேண்டுமென அவர்க்கு எடுத்துரைத்தலும் வேண்டும். அத்தாளும் உறுதியாகாது. ஆயினும், பணம் கொடுப்போர் தாம் எதற்குக் கொடுக்கின்றோம் என்பதனை அறிந்து கொடுப்பர். வேண்டாமெனக் கருதின் கொடாது மீள்வர்.